நிறுத்தி வைத்த பில்

2025 மே மாதம் ஜார்ஜ் ரையன் இறந்த செய்தி வந்தது. 91 வயது. அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் இல்லினாய் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர், ஊழல் வழக்கில் ஆறரை ஆண்டு தண்டனை பெற்றவர், மரண தண்டனையை நிறுத்தி வைத்தவர். இந்த மூன்றில் எதை முதலில் சொல்வது என்பதிலேயே இங்கே ஆட்களுக்குள் சண்டை. எங்கள் பழைய ஆபீஸ் நண்பர்கள் குழுவில் ஒருவர், 2003-ல் எங்கள் டீம் லீடாக இருந்தவர், "இந்த மனிதரின் மனசாட்சிக்கு நாம் எத்தனை கோடி கட்டினோம் என்று யாராவது கணக்குப் போட்டீர்களா?" என்று எழுதினார். 22 வருடம் முன்பு சாப்பாட்டு மேஜையில் என்னிடம் அவர் கேட்டதும் இதே கேள்விதான். அன்று என்னிடம் பதில் இல்லை. அப்புறம் அது என்னை விடவே இல்லை, அங்கங்கே படித்தேன், யோசித்தேன், நிறுத்தியது சரி என்ற என் நிலைப்பாடே ஒரு முறை ஆட்டம் கண்டது. அதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

2003 ஜனவரி 11, சனிக்கிழமை. நான் நிறைமாதம். பிரசவத்துக்காக அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். வெளியே பனி, வாசல் கதவைத் திறந்தால் மூக்கு எரியும் குளிர், அப்பாவுக்குப் போக இடமில்லை, அதனால் நாள் முழுக்க டிவியும் பேப்பரும்தான். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளியில் நின்று ரையன் பேசினார். பதவிக்காலம் முடிய இரண்டே நாள். மரண தண்டனைக் கைதிகள் 167 பேரின் தண்டனையையும் குறைப்பதாக அறிவித்தார். 164 பேருக்கு வெளியே வர முடியாத ஆயுள், மூன்று பேருக்கு 40 ஆண்டு. அதற்கு முந்தைய நாள் நான்கு பேரை அந்த வழக்குகளிலிருந்து முழுவதுமாக மன்னித்திருந்தார், அவர்கள் சிகாகோ போலீஸ் கமாண்டர் ஜான் பர்ஜின் ஆட்கள் சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலங்களால் தண்டனை பெற்றவர்கள்.

திங்கட்கிழமை ஆபீஸில் வேறு பேச்சே இல்லை. "மூன்று வருடம் நிறுத்தி வைத்தார்கள், கமிஷன் போட்டார்கள், ரிப்போர்ட் வந்தது. இப்போது அத்தனை பேருக்கும் சாகும்வரை சாப்பாடு. பில் யாருக்கு வரும்? நமக்குத்தான்" என்றார் டீம் லீட். அவர் கொடூரமான மனிதர் இல்லை, என் வயிற்றைப் பார்த்துவிட்டு நாற்காலி இழுத்துப் போடுபவர். கேட்ட கேள்வியிலும் தப்பில்லை, பொதுப்பணத்தைப் பற்றி யாரும் கேட்கலாம். எனக்குக் கோபம் மட்டும் வந்தது, வார்த்தை வரவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஒரு சார்நிலைக் கருவூலத்தில் கணக்கராகச் சேர்ந்து, உதவிக் கருவூல அலுவலராக ஓய்வு பெற்றவர். 30 வருடத்துக்கு மேல் மற்றவர்களின் பில்லைப் பார்த்தே வாழ்ந்தவர். சம்பள பில், பயணப்படி பில், பென்ஷன், எது வந்தாலும் வவுச்சரைப் பார்ப்பார், கூட்டிப் பார்ப்பார், சந்தேகம் வந்தால் அப்ஜெக்‌ஷன் எழுதித் திருப்பிவிடுவார். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு முதலில் கேட்டது, "இதுவரைக்கும் எத்தனை பேரு?" என்றுதான். 1977-ல் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்த பிறகு 12 பேருக்குத் தண்டனை நிறைவேற்றினார்கள், மரண தண்டனை விதித்த பிறகு நிரபராதி என்று விட்டது 13 பேரை என்றேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"12 பில் பாஸ் ஆயிருக்கு, 13 பில் தப்புன்னு திரும்பியிருக்கு. எங்க ஆபீஸ்ல இப்படி நடந்தா அன்னிக்கே கவுன்ட்டரை மூடிட்டு ஆடிட் உட்கார்ந்திருக்கும்மா. மூடினதுக்கு என்ன செலவுன்னு எவனும் கேட்க மாட்டான்."

எனக்கு அது போதுமானதாக இருந்தது. இதுதான் பதில் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அப்பா அங்கே நிறுத்தவில்லை.

ஏழு மாதம்

"ஆனா ஒண்ணும்மா" என்று ஆரம்பித்து, நான் அதுவரை கேள்விப்படாத ஒரு விஷயத்தைச் சொன்னார். எண்பதுகளில் நடந்தது. ஒரு குடும்ப ஓய்வூதிய பில். இறந்தவர் அரசு அலுவலகத்தில் கடைநிலை ஊழியர். மனைவி என்று வந்த அம்மாவின் பெயர் ஓய்வூதிய ஆணையில் (பி.பி.ஓ.) ஒரு மாதிரி, மனுவில் வேறு மாதிரி. இனிஷியலும் ஒத்துப்போகவில்லை. இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று யாரோ மொட்டைக் கடுதாசி வேறு போட்டிருந்தார்கள். அப்பா பில்லை நிறுத்தி வைத்தார். வாரிசுச் சான்று கேட்டு எழுதினார். சான்று ஆறே வாரத்தில் வந்துவிட்டது. ஆனால் வந்த சமயம் மார்ச் மாதம், ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடி, அப்புறம் ஒருவர் இடமாறுதல், அப்புறம் கோப்பு வேறு மேஜைக்குப் போனது, ஆக மொத்தம் பில் பாஸாக ஏழு மாதம். அந்த அம்மா ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் ஒரு பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். கவுன்ட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சத்தம் போட மாட்டார், அழவும் மாட்டார், "இன்னும் வரலீங்களா சார்" என்று மட்டும் கேட்பார். மூன்றாவது மாதத்துக்குப் பிறகு அந்தப் பையன் பள்ளிக்கூடச் சட்டை போட்டு வரவில்லை என்பதை அப்பா கவனித்திருக்கிறார்.

"நிறுத்தினது தப்பில்லம்மா, அந்த நிலைமையில யாரா இருந்தாலும் நிறுத்தணும். பதில் வந்த பிறகும் சும்மா வெச்சிருந்தோம் பாரு, அதுதான் தப்பு. அந்தச் செலவு எந்த லெட்ஜர்லயும் ஏறாது."

அன்றைக்கு இதை இல்லினாயோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பத்து நாளில் மகள் பிறந்தாள். பல வருடம் கழித்து, இந்த மாநிலம் அந்த நிறுத்தத்துக்கு உண்மையில் எவ்வளவு செலவழித்தது என்று படிக்க ஆரம்பித்தபோதுதான் அப்பா சொன்னதன் முழு அர்த்தமும் பிடிபட்டது.

பாதி மூடிய கவுன்ட்டர்

ரையன் 2000 ஜனவரி 31 அன்று நிறுத்தினார். அவர் மரண தண்டனைக்கு எதிரான ஆள் கிடையாது. கான்ககீயில் மருந்துக்கடை நடத்திய குடும்பத்துக்காரர், குடியரசுக் கட்சி, 1977-ல் சட்டமன்றத்தில் இந்தச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தவர். 1999 மார்ச்சில், ஆளுநரான மூன்றாம் மாதம், ஒருவருக்கு விஷ ஊசி போட அனுமதித்தவரும் அவரே. டாம்ஸ் என்ற ஊரில் புதிதாகக் கட்டிய சிறையில் அதற்கென்று ஓர் அறை இருந்தது, அந்த அறை பயன்பட்டது அந்த ஒரே ஒரு முறைதான். 1999 நவம்பரில் சிகாகோ ட்ரிப்யூன் செய்தியாளர்கள் மாநிலத்தின் 285 மரண தண்டனை வழக்குகளையும் கிளறி எழுதினார்கள். 33 பேருக்கு வாதாடிய வழக்கறிஞர்கள், பிற்பாடோ முன்போ, தொழில் செய்யும் உரிமையை இழந்தவர்கள் அல்லது இடைநீக்கம் ஆனவர்கள். சிறைக்குள் பக்கத்து அறைக் கைதி சொன்ன சாட்சியை வைத்து முடித்த வழக்குகள் 46. மேல்முறையீடு முடிந்தவற்றில் ஏறக்குறைய பாதி, மறுவிசாரணைக்கோ புதிய தண்டனை விசாரணைக்கோ திரும்பியிருந்தன. அப்பா பாஷையில் சொன்னால், பாதிக்குப் பாதி அப்ஜெக்‌ஷன்.

2000 மார்ச்சில் 14 பேர் கொண்ட கமிஷன் போட்டார். அரசு வழக்கறிஞராக இருந்தவர்கள், எதிர்த்தரப்பில் வாதாடியவர்கள் என்று இரு பக்க ஆட்களும் அதில் உண்டு. 2002 ஏப்ரலில் 85 பரிந்துரைகளோடு அறிக்கை வந்தது. இரண்டே வருடம். கொலை வழக்கில் போலீஸ் விசாரணையை முழுவதும் பதிவு செய்யுங்கள், மரண தண்டனைக்குத் தகுதியான குற்ற வகை 20 இருக்கிறது, அதை ஐந்தாகக் குறையுங்கள், இப்படி நடக்கக்கூடிய விஷயங்களாகவே சொன்னார்கள். பதிவு செய்யும் சட்டம் 2003-ல் வந்தும்விட்டது. இன்று இந்த மாநிலத்தில் ஒரு கொலை வழக்கில் யாரைப் பிடித்து விசாரித்தாலும் அது பதிவாகிறது என்றால் அதற்குக் காரணம் அந்த ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்குப் போன பணம் வீண் என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. அறிக்கை வந்தாயிற்று. சட்டத்தை முழுதாகத் திருத்தவும் இல்லை, எடுத்துவிடவும் இல்லை. தண்டனை நிறைவேற்றுவதை மட்டும் நிறுத்தினார்கள், தண்டனை கேட்பதை நிறுத்தவில்லை. ரையன் காலி செய்துவிட்டுப் போன அந்தச் சிறைப் பகுதியில் 2003-க்குப் பிறகு திரும்ப ஆள் சேர ஆரம்பித்து, கடைசியில் 15 பேர். கவுன்ட்டரில் பணம் கிடையாது என்று போர்டு மாட்டிவிட்டு, பில்லை மட்டும் வாங்கி அடுக்கிக்கொண்டே இருப்பது போல.

மரண தண்டனை கேட்கும் வழக்கு சாதாரண வழக்கு இல்லை. தனி வழக்கறிஞர்கள், தனி நிபுணர்கள், குற்றவாளியா என்று ஒரு விசாரணை, சாகத் தகுதியானவரா என்று இன்னொரு விசாரணை. மோசமான வழக்கறிஞர்களால் வந்த வினையைச் சரிசெய்ய, 2000-லிருந்து மாநிலம் மரண தண்டனை வழக்குகளுக்கென்று ஒரு தனி அறக்கட்டளை நிதி வைத்தது, அரசுத் தரப்பும் எதிர்த்தரப்பும் அதிலிருந்து செலவு செய்யலாம். நல்ல ஏற்பாடுதான். அந்த நிதியிலிருந்து பத்து வருடத்தில் போனது 10 கோடி டாலருக்கு மேல். அந்தப் பத்து வருடத்தில் நிறைவேறிய தண்டனை ஒன்றுகூட இல்லை.

டீம் லீட் கேட்ட கணக்கு இதுவாகத்தான் இருக்க வேண்டும், தொகை பெரியது என்பதில் அவர் சொன்னது சரிதான். ஆனால் எந்தத் தலைப்பில் எழுதுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இது நிறுத்தியதற்கான செலவு இல்லை. நிறுத்தாமல் விட்ட பாதிக்கான செலவு. கமிஷன் கேள்விக்குப் பதில் கொடுத்துவிட்டது, அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்பது வருடம் முடிவெடுக்காமல் இருந்ததற்குக் கட்டிய வாடகை அது. இன்னொரு செலவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பர்ஜ் ஆட்களிடம் அடிபட்டு, பிறகு ரையன் மன்னித்த அந்த நான்கு பேருக்கு 2008-ல் சிகாகோ நகரம் கொடுத்த இழப்பீடு ஏறக்குறைய 2 கோடி டாலர். அதற்கு முன்பே 1999-ல், செய்யாத கொலைக்கு உள்ளே இருந்த வேறு நான்கு பேருக்கு குக் கவுன்டி 3.6 கோடி டாலர் கொடுத்திருந்தது. அவசரமாக பாஸ் செய்த பில்லுக்கான செலவு இது. இதை யாரும் சாப்பாட்டு மேஜையில் கேட்டு நான் பார்த்ததில்லை.

இதே வேலையை ஒழுங்காக முடித்த மாநிலமும் உண்டு. நியூ ஜெர்சியில் 2006 ஜனவரியில் நிறுத்தினார்கள், 13 பேர் கமிஷன், சரியாக ஒரு வருடத்தில் அறிக்கை. ஆயுள் தண்டனையைவிட மரண தண்டனைக்கே செலவு அதிகம், ஆனால் எவ்வளவு அதிகம் என்று துல்லியமாக அளக்க முடியவில்லை என்று அதிலேயே ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். 2007 டிசம்பரில் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். இரண்டு வருடத்துக்குள் கோப்பு மூடியாயிற்று. கலிபோர்னியா இதற்கு நேரெதிர். நீதிமன்ற வழக்கால் 2006-லிருந்து அங்கே யாருக்கும் தண்டனை நிறைவேறவில்லை, இருந்தும் சான் குவென்டின் சிறையில் 8 லட்சத்து 53 ஆயிரம் டாலரில் விஷ ஊசிக்குப் புது அறை கட்டினார்கள், ஒரு நாள்கூடப் பயன்படவில்லை. 2019-ல் ஆளுநர் கேவின் நியூசம் அதிகாரபூர்வமாக நிறுத்தியபோது உள்ளே 737 பேர். நிறுத்தம் தொடர்கிறது, சட்டமும் இருக்கிறது.

ஆன்டனி போர்ட்டர்

இனி என்னை ஆட்டிப் பார்த்த விஷயத்துக்கு வருகிறேன்.

ரையனை நிறுத்த வைத்தது ஆன்டனி போர்ட்டர் என்பவரின் வழக்கு. 1982 ஆகஸ்டில் சிகாகோவின் வாஷிங்டன் பூங்காவில், நீச்சல் குளத்தை ஒட்டிய படிக்கட்டில் ஓர் இளம் ஜோடி சுட்டுக் கொல்லப்பட்டது. போர்ட்டருக்கு மரண தண்டனை. 1998 செப்டம்பரில் இன்னும் இரண்டு நாள்தான் பாக்கி. அடக்கம் செய்யப் போடும் சூட்டுக்கு அளவெடுத்தாயிற்று. தனக்கு என்ன நடக்கப் போகிறது என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு அவருக்கு அறிவுத்திறன் இருக்கிறதா என்ற ஒரு கேள்வியில் நீதிமன்றம் தண்டனையைத் தள்ளி வைத்தது. அந்த இடைவெளியில் நார்த்வெஸ்டர்ன் இதழியல் மாணவர்களும் பேராசிரியரும் ஒரு தனியார் துப்பறிவாளரும் வழக்கைத் தோண்டினார்கள். சாட்சி சொன்னவர் பின்வாங்கினார். வேறொருவர் வீடியோவில் "நான்தான் சுட்டேன்" என்றார். 1999 பிப்ரவரியில் போர்ட்டர் வெளியே வந்தார். அந்தக் காட்சியை டிவியில் பார்த்த ரையன், இது எப்படி நடந்தது என்று மனைவியிடம் கேட்டதாக அவரே பிறகு சொன்னார்.

நான் இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் தெரியுமா! கொலு, பிறந்தநாள், பொங்கல் விழா, பேச்சு எப்போது இந்தப் பக்கம் திரும்பினாலும் போர்ட்டரைத்தான் எடுத்துப் போடுவேன். இரண்டு நாள், சூட்டுக்கு அளவு, மாணவர்கள், வீடியோ. கேட்பவர்கள் அமைதியாகிவிடுவார்கள்.

2014 அக்டோபர் கடைசியில் ஒரு நாள், மகளைப் பாட்டு வகுப்பில் விட்டுவிட்டு வெளியே காரில் காத்திருந்தேன். ரேடியோவில் செய்தி. வீடியோவில் ஒப்புக்கொண்டாரே, அந்த மனிதர் விடுதலை. 15 வருடம் உள்ளே இருந்திருக்கிறார். அந்த ஒப்புதலை வாங்கிய விதமே தவறு என்று அரசு வழக்கறிஞர் அலுவலகம் சொல்கிறது. துப்பறிவாளர் அவரிடம் ஒரு நடிகரைச் சாட்சி போலப் பேச வைத்த வீடியோவைக் காட்டியிருக்கிறார். குறைந்த தண்டனை, புத்தகம், சினிமா, பணம் என்றெல்லாம் ஆசை காட்டப்பட்டதாக அவர் தரப்பு சொன்னது. அவருக்கு வழக்கறிஞரை ஏற்பாடு செய்துகொடுத்ததும் அந்தத் துப்பறிவாளரே.

காரை அணைக்கத் தோன்றவில்லை, ஹீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. வகுப்பு முடிந்து மகள் வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

அடுத்த சில வாரங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மரண தண்டனை வேண்டும் என்பவர்கள் சொன்னதெல்லாம் காதில் விழுந்தது, பார்த்தீர்களா, அந்த நிறுத்தமே ஒரு பொய்க் கதைமேல் கட்டியது, அத்தனை கோடியும் வீண். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. ஒரு மனிதரை வெளியே கொண்டுவர இன்னொரு மனிதரை உள்ளே தள்ளிய கதையை, சரிபார்க்காமல் 15 வருடமாக வீடு வீடாகச் சொன்னவள் நான். வழக்கை அவசரமாக முடித்த போலீஸைத் திட்டிக்கொண்டே, அதே அவசரத்தில் எதிர்ப்பக்கம் முடித்தவர்களைக் கொண்டாடியிருக்கிறேன். அந்தப் பூங்காவில் இறந்த இருவரின் குடும்பத்துக்கு முதலில் ஒரு பெயரைக் கொடுத்தார்கள், பிறகு இன்னொரு பெயரைக் கொடுத்தார்கள், பிறகு அதையும் வாங்கிக்கொண்டார்கள். இன்று அந்தக் கொலைகளுக்காகத் தண்டனையில் ஒருவரும் இல்லை.

ஊருக்குப் போன் போட்டபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். நிறுத்தியதே தப்போ என்று கேட்டேன். அப்பாவுக்கு அப்போது காது கொஞ்சம் மந்தம், இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"ரெண்டு பேரும் இருக்காங்களா இல்லையா?"

"இருக்காங்கப்பா."

"அப்போ கோப்பு இன்னும் மேஜையிலதானே இருக்கு. தப்பா பாஸ் பண்ணின பில்லுக்கு ரெக்கவரி போடலாம்மா, நான் நிறைய போட்டிருக்கேன். ஆளே போயிட்டா யார்கிட்ட போய் ரெக்கவரி போடுவே?"

நான் யோசித்துப் பார்த்தேன். 1998-ல் அந்த ஊசியைப் போட்டிருந்தால், போர்ட்டர் நிரபராதியா இல்லையா என்ற கேள்வியை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். எடுத்தது சரியாக எடுக்கப்பட்டதா என்ற இரண்டாவது கேள்வியும் வந்திருக்காது, வந்திருந்தாலும் தொடங்க இடம் இருந்திருக்காது. நிறுத்தி வைத்தது உண்மையைக் கொண்டுவந்து கொடுத்துவிடவில்லை. தப்பாகப் பார்த்ததைத் திரும்பவும் பார்க்க ஆளையும் காகிதத்தையும் மிச்சம் வைத்தது. நான் இப்போது போர்ட்டர் கதையைச் சொன்னால் 2014 வரை சொல்கிறேன். கேட்பவர்கள் முன்போல அமைதியாவதில்லை, கேள்வி கேட்கிறார்கள், எனக்கு அது பிடித்திருக்கிறது.

கம்பியைப் பிடித்து நின்றவர்கள்

மரண தண்டனை வேண்டாம் என்கிற என் பக்கத்து ஆட்கள் அவ்வளவாகப் பேசாத ஒன்றும் உண்டு. ரையன் தண்டனைகளைக் குறைப்பதற்கு முன், 2002 அக்டோபரில், 140-க்கும் மேற்பட்ட கருணை மனுக்களை வரிசையாக, சில நாட்களுக்குள் விசாரித்தார்கள். கொலையானவர்களின் குடும்பங்கள் வந்து திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. எப்படி இறந்தாள், யார் அடையாளம் காட்டினார்கள், கடைசியாக என்ன பேசினாள். டிவியில் ஒவ்வொருவராக வந்தார்கள். மூன்றே மாதத்தில், நல்ல வழக்கு கெட்ட வழக்கு என்று பிரிக்காமல் எல்லோருக்கும் ஒரே கையெழுத்து. ஆளுநர் தங்களை ஏமாற்றிவிட்டார் என்று அவர்கள் சொன்னது நியாயமில்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அந்தக் கையெழுத்து போட வேண்டிய கையெழுத்துதான் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெற்றோர்கள் அப்பாவின் கவுன்ட்டரில் கம்பியைப் பிடித்து நின்ற அம்மாவைப் போல. 1990-ல் வர வேண்டிய பதில் 2003-ல் வருகிறது, அதுவும் முழுதாக வரவில்லை. இந்த நிறுத்தத்தின் செலவு என்று ஒன்றை எழுதச் சொன்னால் நான் டாலருக்கு முன்னால் இதைத்தான் எழுதுவேன்.

2011 மார்ச் 9 அன்று ஆளுநர் பாட் குவின் மரண தண்டனையை ஒழிக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். உள்ளே இருந்த அந்த 15 பேருக்கும் ஆயுள். 11 வருட நிறுத்தம் அன்றோடு முடிந்தது. அந்த வாரக் கடைசியில் அப்பாவிடம் போனில் சொன்னேன். சட்டத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது அப்பா, அந்த அறக்கட்டளை நிதியில் மிச்சமிருப்பதைக் கொலையானவர்களின் குடும்பங்களுக்கான உதவிக்கும் போலீஸ் பயிற்சிக்கும் மாற்றிவிட்டார்கள் என்றேன்.

"ஹெட் மாத்திட்டாங்களா?" என்றார். குரலில் ஒரு சந்தோஷம். 30 வருடம் கணக்குத் தலைப்புகளோடு வாழ்ந்தவருக்கு அதன் அருமை தெரியும்.

"ஆமாம்ப்பா."

"அப்போ அந்த அம்மாக்களுக்கு எப்போ போய்ச் சேரும்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை, பின்னால் அம்மா குக்கரை இறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"விசாரிச்சுச் சொல்லும்மா" என்றார் அப்பா. "மார்ச் மாசம். இப்போ விட்டா தள்ளிப் போயிடும்."